தபால் பையும் பச்சைக் குறிப்பும்

1985 மார்ச் வரை நரிக்குடிக்காரர்களின் கலெக்டர் வேறு மாவட்டத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ராமநாதபுரம் மாவட்டம். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசோ மதுரையில். கிருதுமால் நதியில் தண்ணீர் வரவில்லை, கண்மாய் காய்ந்து கிடக்கிறது என்று மனு எழுதினால், அந்த மனு மாவட்ட எல்லையைத் தாண்டிப் போய்த்தான் எங்கள் மாவட்ட நிர்வாகத்தைச் சேரும். அந்த மார்ச்சில் காமராஜர் மாவட்டம் பிறந்தது. 1997-ல் அதற்கு விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. கலெக்டர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்கு வந்துவிட்டார் என்று ஊர்ப் பெரியவர்கள் அதை ஒரு நல்ல காரியம்போலப் பேசினார்கள். அந்த 1985-ல்தான் நான் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2021-ல் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டேன்.

நான் சேர்ந்தபோது அரசாங்கத்தின் வேலை சைக்கிளிலும் பஸ்சிலும் நடந்தது. ஓய்வு பெறும்போது கைபேசியில் நடந்தது. வேகம் வந்துவிட்டது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசிப் படியில் நிற்கும் ஊழியர் தன் கருத்தை எழுதிவைக்கவும், மேலே இருப்பவர் அதற்கு எழுத்தில் பதில் சொல்லவும் முன்பு ஓர் இடம் இருந்தது. அந்த இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. இதை இப்போதே சரிசெய்ய முடியும் என்று நம்புவதால்தான் எழுதுகிறேன்.

பழைய முறையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மனு தாலுகா ஆபீசுக்கு வந்தால் முதலில் தபால் பதிவேட்டில் ஏறும். பிறகு ந.க. எண் விழும். பிரிவு உதவியாளர் அதைத் தன்பதிவேட்டில் எழுதிக்கொள்வார். அங்கிருந்து வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கு, ஆர்.ஐ.யிடமிருந்து கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வுக்கு. வி.ஏ.ஓ. விசாரித்து எழுதிய அறிக்கை அதே படிகளில் ஏறித் திரும்ப வேண்டும். வீரசோழன் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாலுகா தலைமையிடமான திருச்சுழிக்குத் தபால் வருவதென்றால் தலையாரி துணிப்பையோடு ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறுவார். பஸ் தவறினால் மறுநாள். நடுவில் வெள்ளிக்கிழமை வந்தால் திங்கள். இருபுறமும் சீமைக்கருவேல் நிற்கும் அந்த ரோட்டில் எத்தனையோ பேருடைய சாதிச் சான்றும் பட்டா மாறுதலும் முதியோர் பென்ஷனும் ஒரே பையில் போய்வந்தன.

இதற்கான விலையை அரசாங்கம் கொடுக்கவில்லை. மனு கொடுத்தவர் கொடுத்தார். "நம்ம மனு எங்கே கெடக்கு" என்று கேட்கவே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திருச்சுழிக்கு வர வேண்டும். வந்தால் உதவியாளர் முகாமில் இருப்பார். இருந்தால் ஆர்.ஐ. அறிக்கை வந்திருக்காது. டீச்செலவு, பஸ் செலவு, சில இடங்களில் கைச்செலவும் சேர்ந்துகொள்ளும். மகன் கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கிவிட்டது என்று கண் கலங்கி நின்ற தாய்மார்களை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனாலும் அந்தக் கோப்புக்குள் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கோப்பில் இரண்டு பகுதி. வந்த கடிதமும் போன கடிதமும் நடப்புக் கோப்பில் இருக்கும். மற்றது குறிப்புக் கோப்பு. அதில் முதலில் எழுதுகிறவர் தாசில்தார் அல்ல, பிரிவு உதவியாளர். விதி என்ன, முன்பு இதேபோல் என்ன முடிவானது, இப்போது என்ன செய்யலாம் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். தலைமையிடத்துத் துணை வட்டாட்சியர் அதற்குக் கீழே எழுதுவார். தாசில்தார் அதற்கும் கீழே. தாசில்தார் உதவியாளரின் கருத்தை ஏற்காமல் போகலாம். ஆனால் ஏற்கவில்லை என்பதைத் தன் கையால் எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பசலியில் நடந்ததைச் சொல்கிறேன். மழை முன்னால் பெய்து பின்னால் ஏமாற்றிய வருடம். தீர்வை தள்ளுபடிக்காகக் கிராமவாரியாக விளைச்சல் கணக்குக் கேட்டிருந்தார்கள். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிந்தபின் வேலைக்கு வந்த ஒரு வி.ஏ.ஓ., தன் கிராமத்தில் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் கண்மாய் வற்றிவிட்டது, விளைச்சல் இல்லை என்று புல எண் போட்டு எழுதியிருந்தார். மேலே இருந்த அதிகாரி ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்துக் கிராமங்களில் விளைந்திருக்கிறதே, மறுபரிசீலனை செய்து அறிக்கை அனுப்பவும் என்று எழுதினார். வி.ஏ.ஓ. மறுபரிசீலனை செய்தார். பக்கத்துக் கிராமக் கண்மாய்க்கு வேறு வரத்துக்கால், அதனால் அங்கே விளைந்தது என்ற காரணத்தையும் சேர்த்து, அதே முடிவை மறுபடியும் எழுதினார். ஜமாபந்தியில் இரண்டு கருத்தும் ஒரே கோப்பில் எதிரெதிராக இருந்தன. ஜமாபந்தி அலுவலர் இரண்டையும் படித்தார், ஜீப் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார், தள்ளுபடி கொடுத்தார். அந்த வி.ஏ.ஓ.வை வாயால் மிரட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் எழுதிய தாளைக் கோப்பிலிருந்து எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

கம்ப்யூட்டர் வந்தால் தலையாரியின் நடை குறையும், இந்தக் குறிப்பு ஏற்பாடும் நிலைத்திருக்கும் என்று நாங்கள் நம்பியதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருந்தது. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி.யிலிருந்து கிளைத்த என்-லாக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்திய திட்டம். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினரின் 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் கிராமத்துக்கு இணையம் கொடுத்தார்கள். சின்னக் கடை, ஒரு கம்ப்யூட்டர், அந்த ஊரிலேயே படித்த ஒரு பையனோ பெண்ணோ. கிராமத்தார் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அங்கிருந்தே மின்னஞ்சலில் தாலுகா ஆபீசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். சான்று தயாரானதும் பதில் வரும். அதன்பின் தாலுகா ஆபீசுக்கு ஒரே நடை போதும். கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டவர்களும் உண்டு.

அக்கா வீடு மேலூர்ப் பக்கம். அங்கே போயிருந்தபோது அந்தக் கடை ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு கிழவர் தெருவிளக்கு எரியவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல, அவள் தட்டெழுதி அனுப்பினாள். "போயிருச்சா தாயி?" என்று கேட்டார். "போயிருச்சு தாத்தா, ஆபீசர் படிச்சதும் பதில் வரும்" என்றாள். அவர் அதை நம்பிப் போனார். சில காலம் பதில் வரவும் செய்தது. ஆனால் ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாறுதலில் போனார்கள். மின்னஞ்சலில் வரும் மனுவைத் தபாலில் வரும் மனுபோலவே பதிவு செய்து பதில் தர வேண்டும் என்ற கட்டாயம் அலுவலக நடைமுறையில் வேரூன்றவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு அது கூடுதல் வேலை. பதில் வராத கடைக்கு ஆள் வருவது குறைந்தது. வருமானம் இல்லாமல் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கம்பியில்லா இணைப்பில் பழுதே வரவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் அரசுச் சேவை நின்றதற்கு முதல் காரணம், பதில் சொல்வது அதிகாரியின் விருப்பமாக விடப்பட்டதுதான்.

அதே 2001-ல் எஸ்தோனியா என்ற குட்டி நாடு, தன் அரசு அலுவலகங்களின் பதிவேடுகளை 'எக்ஸ்-ரோடு' என்ற ஒரே பாதையில் இணைத்தது. ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தின் பதிவைக் கேட்டால், கேட்டது யார், எப்போது என்பது பதிவாகும். தன் விவரங்களை எந்த அலுவலகம் எடுத்துப் பார்த்தது என்று குடிமகன் தானே திறந்து பார்க்க வழி வைத்திருக்கிறார்கள். நாடு மொத்தத்தின் மக்கள்தொகை பதினாலு லட்சத்துக்கும் கீழே. நம் விருதுநகர் மாவட்டத்தைவிடக் குறைவு. பணக்கார நாடு, சின்ன நாடு என்று ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கு அவர்களுடைய கருவிகளைவிட அந்த விதிதான் பெரிதாகப் படுகிறது. அலுவலகம் குடிமகனைப் பார்க்கலாம் என்றால் குடிமகனும் அலுவலகத்தைப் பார்க்கலாம்.

நம் பக்கமும் நல்லது நடக்காமல் இல்லை. வருவாய்த்துறைச் சான்றுகள் இப்போது இ-சேவை வழியாகத்தான் போகின்றன. நரிக்குடியில் கொடுத்த விண்ணப்பம் அடுத்த நிமிடமே வி.ஏ.ஓ.வின் பக்கத்தில் நிற்கிறது. அவர் பரிந்துரைத்தால் ஆர்.ஐ., அவருக்குமேல் துணை வட்டாட்சியரோ தாசில்தாரோ. கடைசியில் டிஜிட்டல் கையெழுத்து. எந்தப் படியில் நிற்கிறது என்று விண்ணப்ப எண்ணைப் போட்டால் தெரிகிறது. 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்று பெயர் வைத்த பக்கத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் சென்னையில் கொத்தனார் வேலை பார்க்கும் தம்பி கைபேசியிலேயே பார்க்கிறான். 

எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளைக்குப் போன வருடம் முதல் பட்டதாரிச் சான்று தேவைப்பட்டது. அவள் அம்மா மிளகாய்க் காட்டுக்கும் மல்லிக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர். விண்ணப்பித்த வாரத்துக்குள் சான்று வந்துவிட்டது. அம்மா ஒரு நாள் கூலியைக்கூட விடவில்லை. பொறியியல் கலந்தாய்வும் 2018-லிருந்து இணையவழி ஆகிவிட்டதால், அதற்காகச் சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறி, அண்ணா பல்கலைக்கழக வாசலில் பல் தேய்க்கும் நிலைமையும் அந்தக் குடும்பத்துக்கு வரவில்லை. இதைவிடப் பெரிய நன்மையை என் பணிக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு நான் என் கையால் செய்ததில்லை.

மழைக்கணக்கும் அப்படித்தான். திருச்சுழி மழைமானியில் காலை எட்டரைக்கு அளந்த அளவைச் சொல்ல, டெலிபோன் கிடைக்காமல் முன்பு தவித்திருக்கிறோம். இப்போது ஒன்பது மணிக்குள் மாவட்டம் முழுக்க எங்கே எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லார் கையிலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் குண்டாற்றில் தண்ணீர் வரும் சமயத்தில் இந்த அரை மணி நேரம் உயிர் காக்கும்.

2020 ஊரடங்கை நான் பணியில் இருந்து பார்த்தேன். நம் வட்டாரத்துப் பையன்கள் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் முறுக்குப் போடும் வேலையிலும் கடை வேலையிலும் இருந்தார்கள். யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள், சோறு கிடைக்கிறதா, ஊர் திரும்ப அனுமதிச் சீட்டு வந்ததா என்பதையெல்லாம் ஒரே இணையத் தாளில் வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், கலெக்டர் அலுவலகம் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதினோம். ஒரு வரியை ஒருவர் நிரப்பினால் மற்றவர் அடுத்த நொடி பார்த்தார். தாய் தகப்பன் வி.ஏ.ஓ.விடம் சொன்ன தகவல் அன்று மாலையே வெளி மாநிலத்து அதிகாரியின் காதுக்குப் போனது. கூட்டமெல்லாம் காணொலியில். அந்த ஏப்ரலில் 'ஜூம்' செயலி பாதுகாப்பானதல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்ததும் செயலிகள் மாறின; வேலை நிற்கவில்லை. அரசுத் துறைகள் சேர்ந்து வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த மாதங்களில் கண்ணால் கண்டேன். அந்தத் தாளில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. வி.ஏ.ஓ.க்கள் அதில் எழுதினார்கள்: கர்ப்பிணி கூட இருக்கிறார், மொழி தெரியாது, போன் அணைந்துவிட்டது. எங்கள் வேலைக்குப் பெரிதும் உதவியது அந்தக் கட்டம்தான்.

ஊரடங்கு முடிந்தபின் வந்த தாள்களில் அது காணாமல் போனது.

இத்தனை தாள்கள் எதற்கு என்று கேட்கலாம். விருதுநகரும் ராமநாதபுரமும் 2018-ல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் உள்ளவை. தமிழகத்தில் இந்த இரண்டும்தான். மாதா மாதம் உடல்நலம், கல்வி, வேளாண்மை என்று புள்ளிகள் ஏற வேண்டும், தரவரிசை வரும். அதனால் மாவட்டத்துக்கு நன்மை உண்டு. ஆனால் 11 ஒன்றியங்கள், 450 ஊராட்சிகள் உள்ள மாவட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஏதோ ஒரு கிராமத்தில் யாரோ ஒருவர் கைபேசியில்தான் பிறக்கிறது. அதுவும் பெரும்பாலும் அவருடைய சொந்தக் கைபேசி, சொந்த ரீசார்ஜ்.

என் உறவில் ஒரு பெண் வேறொரு தாலுகாவில் வி.ஏ.ஓ. போன வருடம் ஒருநாள் கூப்பிட்டாள். "சித்தப்பா, ராத்திரி பத்து மணிக்கு லிங்க் அனுப்பியிருக்காக. காலையில பத்துக்குள்ள முடிக்கணுமாம்." நீர்நிலை ஆக்கிரமிப்பு விவரம். கிராமத்தின் பெயர், கண்மாயின் பெயர், ஆக்கிரமிப்பு உள்ளதா: ஆம் அல்லது இல்லை. அவள் கிராமத்துக் கண்மாய் உள்வாயின் ஒரு பகுதியில் கரிமூட்டம் போடுகிறார்கள், கோடையில் மட்டும். இன்னொரு பகுதியில் பட்டா நிலமா புறம்போக்கா என்றே அளந்து முடிவாகவில்லை. அதை எழுத அவளுக்கு இடமில்லை. மற்ற கட்டங்களைப் பூட்டி வைத்திருந்தார்கள். வெறுமையாக விட்டால் வரி சிவப்பாகும். சிவப்பானவர்களின் பெயர்கள் வாட்ஸ்அப் குழுவில் வரும். அந்தக் குழுவிலோ அமைப்பாளர்கள் மட்டும்தான் செய்தி போட முடியும். 'ஆம்' என்று போட்டாள். மதியத்துக்குள் போன் வந்தது: சுற்றிலும் எல்லாரும் 'இல்லை' போட்டிருக்க நீ மட்டும் ஏன்? மாற்றச் சொன்னார்கள்.

"மாத்திட்டியாம்மா?" என்றேன்.

"என்ன செய்ய சித்தப்பா. நான் சொன்னதுன்னு எங்கயும் இல்லையே."

அந்தத் தாளில் பழைய பதிப்பைத் தேடி எடுக்க முடியும். 'ஆம்' என்பது 'இல்லை' ஆன நேரம் தெரியும். ஆனால் மாற்றச் சொன்னவர் யார், என்ன காரணம் சொன்னார் என்பது எந்தப் பதிப்பிலும் இருக்காது. கை அவளுடையது, ஆகவே பொறுப்பும் அவளுடையது. புல எண் போட்டு இரண்டு முறை எழுதிய அந்தப் பழைய வி.ஏ.ஓ.வைவிட இவள் அதிகம் படித்தவள், நேர்மையிலும் குறைந்தவள் அல்ல. அவருக்கு இருந்த ஒரு தாள் இவளுக்கு இல்லை.

அதே காலத்தில் மேலே என்ன நடக்கிறது என்றால், பழைய கோப்பின் ஒழுங்கு அப்படியே கணினிக்குள் போயிருக்கிறது. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் வரைவு மஞ்சள் குறிப்பு, அதைத் திருத்தலாம். எழுதி முடித்து, உறுதிசெய்து மேலே அனுப்பிவிட்டால் பச்சைக் குறிப்பு. அதன்பின் எழுதியவரே அழிக்க முடியாது. யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்பது கூடவே நிற்கும். நான் குறிப்புக் கோப்பில் கற்ற நியாயம் முழுவதும் அந்தப் பச்சையில் இருக்கிறது. என் ஆதங்கம், அது தலைமைச் செயலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் இருக்க, கிராமத்தில் இருப்பவருக்கு வந்து சேரும் அன்றாட உத்தரவு வாட்ஸ்அப்பில் வருகிறது என்பதுதான். அழியாத எழுத்து யாருக்கு அதிகம் தேவை? பதவி உள்ளவர் தன்னைக் காத்துக்கொள்ள ஆயிரம் வழி உண்டு.

2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு வந்தபோது, கீழே இருப்பவரின் கருத்துக்கு இடமில்லை என்பது வெளியே வந்தது. ஒவ்வொரு உட்பிரிவிலும் நின்று கைபேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். கருவியும் ஆளும் கொடுங்கள் என்று வி.ஏ.ஓ.க்கள் கேட்டார்கள், கணக்கெடுக்க மறுத்தார்கள். வேளாண் கல்லூரி மாணவர்களைக் காட்டுக்கு அனுப்பினார்கள். பயிர்க் கணக்கான அடங்கலை மின்னணுவில் ஏற்றுவது அவசியம். பயிர்க் காப்பீடும் வறட்சி நிவாரணமும் அதை நம்பித்தான் இருக்கின்றன, எங்கள் வானம் பார்த்த பூமிக்கு அது உயிர்நாடி. ஆனால் கடலை எது, பாம்பு எங்கே இருக்கும், எந்தப் புஞ்சை யாருடைய குத்தகை என்பதெல்லாம் தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தத் திட்டம் வேறு மாதிரி வந்திருக்கும்.

நூறு நாள் வேலையில் இதைவிடத் துயரமான ஒன்றைப் பார்த்தேன். 2021-ல் வந்த வருகைப்பதிவுச் செயலி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. காலையில் ஒரு படம், மதியத்துக்குமேல் ஒரு படம், இடக்குறியோடு. போலி வருகையைத் தடுக்கும் நோக்கம் நல்ல நோக்கம். போலி மஸ்டர் ரோல்களை நானே கண்டிருக்கிறேன். ஆனால் கண்மாய்க்குள் சிக்னல் இல்லாத இடங்கள் எங்கள் பக்கம் ஏராளம். பக்கத்து ஊராட்சி ஒன்றில் பணித்தளப் பொறுப்பாளரான பெண் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை மேல் நடப்பாள். பின்னால் கூனிக் குறுகிய கிழவிகளும் கரை ஏறுவார்கள். ஒருநாள் இரண்டாவது படம் ஏறவில்லை. மண் சுமந்தவர்களுக்கு அன்றைய கூலி நின்றது. அதில் ஒரு அப்பத்தா என்னிடம் கேட்டார்: "ஏப்பு, நான் வேலை செஞ்சதை என்னோட சுமந்தவ சொன்னா போதாதா?" தொழில்நுட்பக் கோளாறுக்கு விதிவிலக்குத் தரும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருந்தது. ஆகவே அவர்களுக்காக நான் காகிதத்தில் மனு எழுதினேன். அது பஸ் ஏறி ஐம்பது கிலோமீட்டர் விருதுநகருக்குப் போனது.

2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. சம்பந்தமில்லாத படங்களையும், படத்தையே படம் பிடித்ததையும் செயலியில் ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆளை நம்ப முடியாது என்று கருவி வந்தது; கருவியை நம்ப முடியாது என்று திரும்ப ஆள் வந்தார். அந்த அப்பத்தா கேட்ட கேள்விக்கு இதில் விடை இருக்கிறது. கூட வேலை செய்தவர்கள் இருவர் கையெழுத்திட்டால் அதையும் சான்றாக ஏற்கும் ஒரு கட்டத்தைச் செயலியில் சேர்க்க ஒரு நாள் வேலைகூட ஆகாது.

செய்யத் தெரியாதவர்கள் அல்ல நாம். தென்காசி பக்கம் மத்தளம்பாறை என்ற கிராமத்தில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. ராஜபாளையம் வழியாகப் போனால் நரிக்குடியிலிருந்து அரைநாள் பஸ் பயணம். 2025-க்குள் மத்திய அரசு ஊழியர் ஏறக்குறைய 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாறியது. மத்தியக் கல்வி அமைச்சகம் ஆவணம் எழுதவும் தாள் போடவும் அவர்களுடைய மென்பொருளையே பயன்படுத்தச் சொன்னது. டெல்லியில் எழுதும் கோப்புக்குத் தமிழகத்து நிறுவனம் ஒன்று பலகை செய்து கொடுக்கிறது. நரிக்குடி வி.ஏ.ஓ.வுக்கு ஒரு குறிப்புக் கட்டம் கொடுப்பது அவ்வளவு தூரத்து வேலை இல்லை.

2025 அக்டோபர் 11 கிராம சபை எனக்கு ஒரு நம்பிக்கை கொடுத்தது. முதலமைச்சர் காணொலியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஒரே நேரத்தில் பேசினார். தமிழகத்தில் மொத்தம் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். அவற்றுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கும் வேலையின் பயன் அன்று தெரிந்தது. ஒவ்வொரு ஊரும் தனக்கு அவசரமான மூன்று தேவைகளைத் தேர்ந்து சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கிராம சபையில் எதுவும் பேசாத பெண்கள் அன்று கை தூக்கினார்கள். கண்மாய் வரத்துக்காலை முதலில் எழுதச் சொன்னவர் ஒரு ஆடு மேய்க்கும் அம்மா. அதற்குக் காரணமும் சொன்னார்: கால் மேடேறிக் கிடப்பதால் வைகையிலிருந்து கிருதுமாலில் தண்ணீர் விட்டாலும் அது நம் கண்மாய்க்குள் வராது. பொறியாளர் எழுத வேண்டிய குறிப்பு அது.

தீர்மானப் புத்தகத்தில் வரத்துக்கால் என்ற சொல் ஏறிவிட்டது. அந்த அம்மா சொன்ன காரணம் ஏறவில்லை. அதற்குப் படிவத்தில் இடமில்லை. நான் ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். கேட்டது இரண்டு. காரணத்தையும் கோரிக்கையோடு சேர்த்து எழுத வேண்டும். அந்தக் கோரிக்கை இப்போது எந்த மேசையில் இருக்கிறது, அங்கே என்ன குறிப்பு எழுதினார்கள் என்பதை ஊர்க்காரர்கள் கைபேசியில் படிக்கும்படி திறந்து வைக்க வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில் இதையே தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி அந்த அம்மாவிடமும் முதல் பட்டதாரிப் பிள்ளையிடமும் பேசியிருக்கிறேன். பிள்ளை எழுதுவாள், அம்மா முன்மொழிவார்.